தன்மைப் பன்மை

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று இலக்கணம் எடுத்தேன்.
'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே.
'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே.
தகரக் கூரை வெயிலில்
டக் டக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது.
பின்வாங்கிலிருந்து றொசாந்தன் எழும்பினான்:
"ரீச்சர், அப்ப செபத்தில
'எங்கள் பிதாவே' எண்டு சொல்லுறமே,
ஆரை வெளியில விடுறம்?"

சோக்குத் தூள் விரலோடு நின்றேன்.
மணி அடித்தது.
அடிக்காவிட்டாலும்
பதில் இருந்திருக்காது.

என் முதலெழுத்து பி.
சந்தியாப்பிள்ளை பிலேந்திரன், உழவு மெசின் சாரதி,
வட்டுவாகலில் ஒரு வரிசையில்
பெயர் பதியப் போனவர்.
வார் அறுந்த என் ஒற்றைச் செருப்பைச்
சாறத்து மடிப்பில் செருகிக்கொண்டு,
"ஊசி ஒண்டு கிடைச்சால் குத்தித்தாறன், நில்" என்றவர்.

பிரதேச செயலகத்தில் படிவம் நீட்டுகிறார்கள்.
தகப்பன்: உயிருடன் உள்ளார் / காலமானார்.
பொருந்தாததை வெட்டுக.
பதினைந்து வருடமாக
ஒன்றையும் வெட்டாமல் கொடுக்கிறேன்.
"தங்கச்சி, ஒண்டை வெட்டத்தானே வேணும்"
என்கிறார் எழுதுவினைஞர்.
நல்ல மனுசன்தான். அவருடைய பேனையில்
மை நிரம்ப இருக்கிறது.

இரணைப்பாலைக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகமும்
அந்த வருடம் எரிந்துபோனது.
ஆக, கடவுளின் பிள்ளை என்பதற்கும்
என்னிடம் கடுதாசி இல்லை.

சாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார்,
தகப்பனில்லாதவர்களுக்கு ஆண்டவரே தகப்பன் என்று.
சொல்லும்போது என் பக்கம் பார்க்காமலிருக்கக்
கவனமெடுப்பார்.
எனக்குத் தகப்பன் இல்லையென்று யார் சொன்னது?
ஆண்டவரே, பதில் ஆசிரியர் மாதிரி
அவருடைய கதிரையில் வந்து இராதேயும்.
உமக்கு வேறு கதிரை உண்டு.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு அவன் வந்தான்.
சீருடை இல்லை. ஆனாலும் அந்தத் தலைமயிர் வெட்டு,
அந்த நேர் முதுகு.
ஆண்கள் பக்கத்து ஓரத்தில் அவன் முழந்தாளிட,
பெண்கள் பக்கத்து ஓரத்தில் நான்.
நடுவில் நடைபாதை, ஒரு பாய் அகலம்.
எல்லோரும் தமிழில் செபிக்க
அவன் தன் மொழியில் முணுமுணுத்தான்.
'அப' என்று ஒரு சொல் வந்தது.
எனக்கு அது 'அப்பா' என்றே கேட்டது.
அந்த வாயில். அந்தச் சொல்.
வயிறு புரண்டது.

பிறகு உபதேசியார் சொன்னார்,
'அப' என்றால் அவர்களுக்கு 'எங்கள்'.

இருபத்துமூன்று வயதிருக்கும். ரீச்சர் அல்லவா,
கழித்துப் பார்த்தேன்.
வட்டுவாகல் நாளில் அவனுக்கு எட்டு.
கணக்குச் சரி.
சரியான கணக்கு ஒன்றையும் தூக்கித் தருவதில்லை.
சமாதானம் சொல்லும் நேரம்
என் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.
நான் செபப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்,
தேவையில்லாத பக்கம்.

றொசாந்தன், நாளைக்குச் சொல்லித்தருகிறேன்.
'எங்கள்' வெளியே விடுவது கேட்பவரை மட்டுந்தான்.
செபத்தில் கேட்பவர் அவர் ஒருவர்.
மற்ற எவரையும் வெளியில் விட
அந்தச் சொல்லுக்குள் வழியில்லை.
நான் தேடிப் பார்த்துவிட்டேன்,
விதிவிலக்கு உண்டோ என்று.

சகோதரன் என்று இன்னும் வாய்க்கு வரவில்லை.
வராமலே போகவும் கூடும்.
வந்தது வேறொன்று.
அந்நியர்தான் படிவத்தில் முறையிடுவார்கள்,
கையொப்பம் வைத்து, பிரதி எடுத்து.
பிள்ளைக்குப் படிவம் இல்லை.
பிள்ளை வாசலில் நின்று கத்தும்,
அயல் கேட்கும் என்று பாராமல்.

கோயில் பூட்டியபின் ஒரு பின்னேரம்
கதவடியில் நின்றேன்.
பெரிய செபம் ஒன்றும் இல்லை.
இவ்வளவுதான்:

அப்பா,
அப்பா எங்கை?